காலமானவர் பெயரில் ஓடிய மசாலா கம்பெனி

"எங்க ஆடிட்டர் எல்லாத்தையும் பாத்துட்டாரும்மா."

மதுரையில் சட்டத் தணிக்கை என்று நான் வாயைத் திறந்த இடத்திலெல்லாம் எனக்குக் கிடைத்த முதல் பதில் இதுதான். உங்களுக்கும் இதுதான் கிடைக்கப்போகிறது, இப்போதே தயாராகிக்கொள்ளுங்கள். நம் ஊர் வியாபாரிகளுக்குத் தணிக்கை என்றால் வருமான வரி. வருஷத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டிய பில்களோடு ஆடிட்டரிடம் போவார்கள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த வருஷத்துப் பாவம் கழிந்தது. நான் போய், லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது, வேலைக்கு இருப்பவர்களுக்கு என்ன எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், கட்டட ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டால், கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டுக்கு டாக்டரைக் கூட்டிவந்தவளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

நான் அதிகம் கோர்ட்டுக்குப் போகாத வக்கீல். கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது என் சொந்தக்காரர்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "கேஸே இல்லாத எடத்துல வக்கீலுக்கு என்ன சோலி?" என்று என் மதினி ஒரு தடவை கேட்டாள். கேஸ் வராமல் இருக்கத்தான் என்றேன். "வராமயே போச்சுன்னா உனக்கு எதுக்குச் சம்பளம்?" என்றாள். அவள் வக்கீலுக்குப் படித்திருந்தால் நான் பிழைத்திருக்க முடியாது.

ஆபீசை என் ஜூனியர்களான உங்களிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். போன வாரம் உங்களில் ஒருத்தி போன் செய்து, "மேடம், போன வருஷந்தான பாத்தீங்க, மறுபடியும் எதுக்குன்னு கிளையண்ட் கேக்கறாங்க, என்ன சொல்றது?" என்று கேட்டாள். சட்டப் பிரிவுகளை அடுக்கி யாரையும் சம்மதிக்க வைக்க முடியாது, நான் முயன்று பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு மசாலா கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

திருமங்கலத்தைத் தாண்டி, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கினால் அந்தக் கம்பெனி. கேட்டுக்குள் நுழையும் முன்பே தும்மல் வந்துவிடும். மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாவற்றையும் அரைத்துப் பொட்டலம் போட்டுக் கடைகளுக்கு அனுப்புவார்கள். வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், பேரையூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி வேனில் வருபவர்கள். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனால் சிரிப்பார்கள். "மொளகா நெடியவே தாங்கலையே, இவுக எப்படிக் கோர்ட்டுல மல்லுக்கட்டுவாக?" என்று பஞ்சவர்ணம் என் காதில் விழும்படியே சொல்வாள். மிளகாய் அரவை மிஷினில் வேலை அவளுக்கு. வாய் கொஞ்சம் ஜாஸ்தி. எனக்கு அவளைப் பிடிக்கும்.

கம்பெனியை உண்டாக்கிய பெரியவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மகன் தங்கவேல் நடத்தினார். ஐம்பது வயதைத் தொட்ட மனிதர், தலை நரைத்துவிட்டது, ஆனால் கம்பெனியில் எல்லோருக்கும் அவர் சின்ன முதலாளிதான். முதலாளி என்றால் அது பெரியவர் ஒருவரே. ஆபீஸ் அறையில் பெரியவரின் நாற்காலி மேல் ஒரு துண்டு விரித்திருக்கும், அதில் யாரும் உட்கார மாட்டார்கள். தங்கவேல் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டுதான் அத்தனை வியாபாரத்தையும் பார்த்தார். சுவரில் பெரியவரின் படம். அதை ஒட்டியே, அதே அளவு கண்ணாடிச் சட்டத்துக்குள், தொழிற்சாலை லைசென்ஸ். ஆயுத பூஜைக்கு இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டுக்கும் ஒரே மாதிரி மாலை போடுவார்கள்.

லைசென்ஸ் பெரியவர் பெயரில் இருந்தது. அவர் போன பிறகும் அவர் பெயரிலேயே இருந்தது. வருஷா வருஷம் கட்டணம் கட்டினார்கள், புதுப்பித்து வந்தது. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று கம்ப்யூட்டர் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. இதில் ஏமாற்று எதுவும் கிடையாது. அப்பா பெயரை எடுப்பதென்றால் அப்பாவையே வெளியே அனுப்புவதாக அவர்களுக்குத் தோன்றியது. நம் ஊரில் இந்த மனசை நீங்கள் நிறையப் பார்ப்பீர்கள். தயவுசெய்து சிரிக்காதீர்கள்.

"மாத்திருவோம் தங்கவேல். நடத்துறது நீங்க, உங்க பேர்ல இருக்கறதுதான் முறை" என்பேன்.

"அப்பா பேரை எப்படிம்மா எடுக்குறது? எடுத்த நேரம் ஏவாரம் படுத்துருச்சுன்னா, அந்தப் பாவத்தை எங்க கொண்டுபோய்த் தொலைக்க?"

"ஒண்ணும் படுக்காது."

"தை பெறக்கட்டும்மா, பாப்போம்."

தை பிறக்கும். அடுத்த தடவை போனால் சித்திரைத் திருவிழா முடியட்டும், அழகர் ஆத்துல எறங்கட்டும் என்பார். அழகரும் இறங்கி மலைக்குத் திரும்பிவிடுவார். நான் அறிக்கையின் முதல் வரியாக இதை எழுதிக் கொடுப்பேன். தங்கவேல் அதை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கி, பெரியவர் படத்துக்கு முன்னால் வைத்துவிடுவார். என் அறிக்கைக்கும் ஒரு பூ கிடைக்கும்.

ஒரு தொழிற்சாலைக்குச் சட்டம் இரண்டு பேரைக் கேட்கும். ஒருவர், கடைசி முடிவு எடுக்கும் முதலாளி. இன்னொருவர், அன்றாடம் மேற்பார்வை பார்க்கும் மேனேஜர். ஏதாவது தப்பு நடந்தால் இந்த இரண்டு பேரைத்தான் தேடி வரும். இங்கே முதலாளி படமாகிவிட்டார். மிச்சம் மேனேஜர்.

மேனேஜர் கருப்பசாமி. மூட்டை தூக்க வந்தவர். அவருடைய அப்பா அம்மா காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். பெரியவர் இவருடைய சூட்டிகையைப் பார்த்து சூப்பர்வைசர் ஆக்கினார். பிறகு லைசென்சில் மேனேஜர் பெயர் கேட்டபோது, "நம்ம கருப்பு பேரைப் போடு" என்று பிரியத்தோடு சொல்லிவிட்டார். அது ஒரு பட்டம் கட்டியதுபோல ஆகிவிட்டது. அவருடைய தெருவில் அன்றிலிருந்து அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, எல்லோருக்கும் மேனேஜர்தான்.

ஒரு தணிக்கையின்போது அவரிடம் கேட்டேன். "மிஷின்ல ஏதாவது கோளாறுன்னா, நீங்களே நிறுத்தலாமா?"

அவர் சிரித்துவிட்டார். "நான் எப்படிம்மா நிறுத்துறது? சின்ன மொதலாளிட்டக் கேக்கணும்ல?"

"நீங்கதான மேனேஜர்?"

"அது பெரியவரு ஆசையா வச்சதும்மா" என்றார், ஏதோ செல்லப்பெயரைச் சொல்வதுபோல.

அறிக்கையில் இது இரண்டாவது வரியாயிற்று. அதுவும் படத்துக்கு முன்னால் போனது.

அது பொங்கலுக்கு முந்தைய நெருக்கடி. கடைகளிலிருந்து ஆர்டர் குவிந்துகொண்டிருந்தது. மிளகாய் அரவை மிஷினின் வாயில் ஒரு கம்பி வலை இருக்கும். மிளகாய் உள்ளே விழும், கை உள்ளே போகாது. அதற்குத்தான் அது. ஆனால் காம்பும் வற்றலும் வலையில் சிக்கி அரவை மெதுவாகிறது என்று அதைக் கழற்றி மூலையில் சாய்த்து வைத்துவிட்டார்கள். ஒரு மதியம், வாயில் அடைத்துக்கொண்ட மிளகாயைப் பஞ்சவர்ணம் கையால் தள்ளினாள்.

தங்கவேல் போனில் அழுதார். என்ன சொல்கிறார் என்றே முதலில் எனக்குப் பிடிபடவில்லை. நான் கம்பெனிக்குப் போகவில்லை, நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பேப்பர்கள் எங்கும் ஓடிவிடாது.

பஞ்சவர்ணத்தின் வலது கை முழங்கை வரை கட்டுக்குள் இருந்தது. மூன்று விரல்கள் போய்விட்டன. மயக்கம் தெளிந்து என்னைப் பார்த்தவள், "என்ன வக்கீலம்மா, இன்னைக்குத் தும்மக் காணோம்?" என்றாள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வலை இருந்திருந்தா கை போயிருக்காதும்மா" என்றாள். "கருப்பசாமி அண்ணே சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு, வலையை மாட்டணும் மாட்டணும்னு. சின்ன மொதலாளிதான் பொங்கல் போகட்டும்னுட்டாரு. என்னைய வேன்ல தூக்கிப் போட்டுக்கிட்டு வந்ததே அண்ணேதான்."

"கேக்கறவங்ககிட்ட நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. அது போதும்."

"சொன்னா சின்ன மொதலாளிக்கு எதும் ஆயிருமா? ஓடியாந்து, இந்தா இந்தக் கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரும்மா. பாக்கச் சகிக்கல." கண்ணை மூடிக்கொண்டாள். "அவரையும் ஒண்ணும் பண்ணிராதீக."

விரலை இழந்தவள் அதைச் சொன்னாள். நான் வெளியே வந்து, வராந்தாவில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் காரில் ஏறினேன்.

பொழுது சாயும் நேரத்தில் கம்பெனிக்குப் போனேன். மிஷின்கள் நின்றிருந்தன. அந்த இடத்தை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததில்லை. ஆபீஸ் அறையில் தங்கவேல், அவருடைய தங்கையின் கணவர், வாசலை ஒட்டி நின்றபடி கருப்பசாமி. அவர் சட்டையில் ரத்தம் காய்ந்திருந்தது. எப்போதும் தோளில் கிடக்கும் துண்டைப் பஞ்சவர்ணத்தின் கையில் சுற்றியிருந்தார்.

தங்கையின் கணவர் திருமங்கலத்தில் நிலம் வாங்கி விற்பவர், சுறுசுறுப்பான ஆள். மதியத்திலிருந்து ரத்தத்துக்கும் டாக்டருக்கும் அலைந்தவர் அவர்தான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குடும்பத்துக்கு ஆபத்து என்றால் சிலருக்கு மூளை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். இவருக்கு ஓடியது.

"மச்சான், பதறாதீக. நான் விசாரிச்சுட்டேன்" என்றார். "லைசென்ஸ் மாமா பேர்ல இருக்கு. மாமா இல்ல. போனவுக மேல எவன் கேஸ் போடுவான்? அடுத்து மேனேஜரு. போட்டா அண்ணே பேர்ல போடட்டும். அபராதம் நாம கட்டுவோம், வக்கீலை நாம வைப்போம், அவரு குடும்பத்தை நாம பாத்துக்குவோம். காலையில ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வாராராம், அதுக்குள்ள அந்த வலையை எடுத்து மாட்டிப்புடுவோம். என்னண்ணே?"

"நான் ஏத்துக்கறேன்" என்றார் கருப்பசாமி உடனே. "பெரியவரு எனக்கு எம்புட்டோ செஞ்சிருக்காரு."

தங்கவேல் பிளாஸ்டிக் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு சாயங்காலம் வரும். அறையில் எல்லோரும் நல்லவர்களாகவே இருப்பார்கள், எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்திருப்பார்கள், நீங்கள் தலையை ஆட்டினால் போதும். பலியாகப் போகிறவரே சம்மதிக்கிறார். கம்பெனிதான் எனக்கு ஃபீஸ் கொடுக்கிறது, கருப்பசாமி கொடுக்கவில்லை. அந்த யோசனை சட்டப்படி முழுக்க நிற்காது என்பது எனக்குத் தெரியும். லைசென்சில் யார் பெயர் இருந்தாலும், உண்மையில் கடிவாளம் யார் கையில் இருக்கிறது என்று சட்டம் தேடும். ஆனால் தேடி முடிக்க வருஷக்கணக்காகும். அதுவரை கோர்ட்டுக்கு நடப்பவர் கருப்பசாமியாகத்தான் இருப்பார். தீர்ப்பு எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது. ஜெயிலாகவும் இருக்கலாம்.

"முதல்ல, அந்த வலையை யாரும் தொடக் கூடாது" என்றேன். "மிஷின் இருக்கறபடியே இருக்கணும். இன்னிவரைக்கும் நடந்தது அசம்பாவிதம். வலையை இப்ப மாட்டினா அதுக்குப் பேரு தடயத்தை மறைக்கறது."

பிறகு கருப்பசாமி பக்கம் திரும்பினேன். "நான் உங்களுக்கு வக்கீல் இல்லை, கம்பெனிக்கு வக்கீல். உங்களுக்குன்னு தனியா ஒரு வக்கீலை வச்சுக்கங்க. அதுவரைக்கும் யார் நீட்டினாலும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. நான் நீட்டினாலும்."

தங்கையின் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா, எங்க ஆளையே எங்களுக்கு எதிரா திருப்பி விடுறீக?"

தங்கவேல் தலையை நிமிர்த்தினார். "நீங்க யாருக்கும்மா வக்கீலு?" கோபம் இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"உங்களுக்குத்தான். அதனாலதான் சொல்றேன்."

அதற்கு மேல் விளக்கிப் பேசினேன். மிஷினைச் சுற்றி வேலை பார்த்த அத்தனை பெண்களும் பார்த்திருக்கிறார்கள், இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு ஒருத்தி சொல்வாள் என்றேன். அப்போது விரல்கள் போன வழக்கோடு, ஆளை மாற்றிய வழக்கும் சேரும் என்றேன். எல்லாம் சரியான வாதங்கள்தான். எதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

நான் கிளம்பும்போது கேட்டருகே ஒரு பெண் நின்றிருந்தாள், கையில் மடித்த சட்டையோடு. கருப்பசாமியின் மனைவி. புருஷனுக்கு மாற்றுச் சட்டை கொண்டுவந்திருந்தாள். வேனில் வந்த பெண்கள் சொல்லி அவளுக்குப் பாதி விஷயம் தெரிந்திருந்தது, மீதியை என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

"இவுகளுக்கு மேனேஜர்னு பேரு போட்ட அன்னைக்கு எங்க தெருவுக்கே பூந்தி வாங்கிக் குடுத்தோம்மா" என்றாள். அழவில்லை. "எங்க மாமியா வீடு வீடாப் போய்ச் சொன்னுச்சு. கேஸு வந்தா நிக்கறதுக்குத்தான் மேனேஜர்னு அன்னைக்கே ஒருத்தரு சொல்லிருந்தா, பூந்தி குடுத்திருக்க மாட்டோம்ல?"

எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. என்னை வழியனுப்ப வந்த தங்கவேல் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, சட்டையோடு உள்ளே போய்விட்டாள்.

தங்கவேல் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார். "அப்பா இருந்தா இதுக்கு என்னம்மா செஞ்சிருப்பாரு?"

"எனக்குத் தெரியாது தங்கவேல். அவர் இல்லை. நீங்கதான் இருக்கீங்க."

கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், ஒரு நல்ல கிளையண்ட் கைவிட்டுப் போகிறது என்று மனசு சொல்லிக்கொண்டே வந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்த வலை காலையில் எங்கே இருக்கும் என்பதுதான் அது.

மறுநாள் கம்பெனிக்குள் நுழைந்ததும் நான் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேரே அரவைக் கூடத்துக்குள் போய் மூலையைப் பார்த்தேன். வலை அங்கேயே சாய்ந்திருந்தது, அதன் மேல் மிளகாய்த் தூசி கலையாமல் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன், உடனே தும்மலும் வந்தது. பெண்கள் யாரும் சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர். அதிகம் பேசாமல் மிஷினைச் சுற்றிப் பார்த்தார், படம் எடுத்துக்கொண்டார். பிறகு ஆபீஸ் அறைக்கு வந்து, மாலை தொங்கிய லைசென்ஸை நிமிர்ந்து படித்தார்.

"இவர் எங்க?"

எல்லோர் கண்ணும் பக்கத்துப் படத்துக்குப் போனது. இன்ஸ்பெக்டர் கண்ணும் போனது.

"சரி. மேனேஜர் யாரு?"

கருப்பசாமி ஓரடி முன்னால் வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். தங்கையின் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"மாப்ள, சும்மா இருங்க" என்றார் தங்கவேல். எழுந்து நின்றார். "லைசென்ஸ்ல இருக்கறது எங்க அப்பா சார். அவரு காலமாயிட்டாரு. பேரை மாத்தச் சொல்லி வக்கீலம்மா சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க, நான்தான் மாத்தல. கம்பெனி நடத்துறது நான். வலையைக் கழட்டச் சொன்னதும் நான்தான். கருப்பசாமி மாட்டணும்னு சொன்னாரு, பொங்கல் போகட்டும்னு சொன்னதும் நான்தான் சார். அவருக்கு இங்க ஒரு போல்ட் வாங்கக்கூட நான் அதிகாரம் குடுக்கல."

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். "எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்கறேன் சார்."

கருப்பசாமி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

இதற்குப் பிறகு எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனி கொஞ்ச காலம் மூடிக் கிடந்தது, பொங்கல் வியாபாரம் போனது, வேனில் வரும் பெண்களுக்கு வேலை இல்லாமல் போனது. தங்கவேல் மேல் வழக்கு வந்தது. அவர் கோர்ட்டுக்குப் போனார், கூண்டில் நின்றார், குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினார். தானே ஒத்துக்கொண்டதைப் பார்த்துக் கோர்ட்டும் அதோடு விட்டது. கருப்பசாமி பெயர் வழக்கில் வரவில்லை. பஞ்சவர்ணம் குணமாகித் திரும்பி வந்தாள். அரவைக் கூடத்து வேலையை இனித் தர வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம். அவள் கேட்கவில்லை. "அந்த மிஷினுக்கு நான் பயந்துட்டேன்னு நெனைச்சுக்கிரும்" என்றாள். மிஷினைத் தொடுவதில்லை என்ற கட்டுப்பாட்டோடு, வரும் மிளகாயைத் தரம் பார்க்கும் வேலை கொடுத்தார்கள். இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டாள். போன விரல் போனதுதான்.

இப்போது உங்கள் கிளையண்ட் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வருஷா வருஷம் எதற்கு என்றால், வருஷா வருஷம் மனிதர்கள் மாறுகிறார்கள் என்பதற்காக. முதலாளி காலமாகிறார், மகன் உட்காருகிறான், பழைய மிஷின் போய்ப் புதுசு வருகிறது, கூட்டாளிகள் மனஸ்தாபப்பட்டுப் பிரிகிறார்கள். பேப்பர் மட்டும் மாலையோடு அப்படியே தொங்குகிறது. அமைதியான நாளில் போய் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான். நாளைக்கு இங்கே ஒரு அசம்பாவிதம் நடந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், அந்த ஆளுக்கு அது தெரியுமா, அதைத் தடுக்கும் அதிகாரம் அவர் கையில் இருக்கிறதா? ஒவ்வொரு பேப்பரையும் எடுத்து இதைக் கேளுங்கள். அமைதியான நாளில் கேட்டால் உங்களைத் தொந்தரவு பிடித்தவள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ரத்தம் காய்ந்த சட்டையோடு ஒருவர் வாசலில் நிற்கும்போது அந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்கும்படி ஆகிவிடக் கூடாது.

அந்தக் கம்பெனியை நான் கடைசியாகத் தணிக்கை செய்தது, ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால். லைசென்ஸ் தங்கவேல் பெயருக்கு மாறியிருந்தது. பழையதைக் கண்ணாடிச் சட்டத்தோடு வீட்டுப் பூஜை அறைக்குக் கொண்டுபோய்விட்டார். புதியதற்கு மாலை வேண்டாம், பெயர் தெரிய வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஒரு குங்குமப் பொட்டு மட்டும் ஓரமாக இருந்தது. பெரியவரின் நாற்காலி இன்னும் துண்டு விரித்தபடி காலியாகவே இருந்தது. அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அதில் சட்டத்துக்கு வேலை இல்லை. மேனேஜர் இப்போதும் கருப்பசாமிதான். ஆனால் எந்த மிஷினையும் யாரையும் கேட்காமல் நிறுத்தலாம் என்று அவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்திருந்தார்கள். அவர் அதை ஒருநாளாவது பயன்படுத்துவாரா என்பது அப்போது எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

நான் அரவைக் கூடத்தில் தும்மிக்கொண்டு நின்றபோது, "அண்ணே, இந்த வலை ஒரு பக்கம் ஆடுது" என்று பஞ்சவர்ணம் குரல் கொடுத்தாள். கருப்பசாமி வந்து பார்த்தார். அடுத்த நொடி மிஷினை நிறுத்திவிட்டார். சத்தம் நின்றதும் ஆபீஸ் அறையிலிருந்து தங்கவேல் ஓடிவந்தார். வெளியே லாரி நின்றிருந்தது, தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, லாரி நிக்குது! ரெண்டு மூட்டைதான் பாக்கி, ஓட்டிட்டுப் பாக்கக் கூடாதா?"

கருப்பசாமி சுவிட்சின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"வலை ஆடுது. சரி பண்ணாம இது ஓடாது, மொதலாளி" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் தங்கவேல், பெரியவரே வந்து நிற்பதுபோல, சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது அவருடைய கண் கலங்கியிருந்தது. மிளகாய் நெடி அவருக்குப் பழகிப் பல வருஷமாயிற்று.

"சரிண்ணே. நிறுத்துங்க" என்றார்.